ஐந்து சென்ட் நாணயமும் அது திறக்காத கதவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மக்களின் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருந்தீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு தேசத்தின் சமையலறை, சினிமா, சம்பளம் எல்லாவற்றையும் சுற்றிவர முடியாது. அதனால் ஒரே ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு அது போன வழியெல்லாம் பின்னால் போவது என்று முடிவு செய்தேன். அது ஐந்து சென்ட் நாணயம். அமெரிக்கர்கள் அதை 'நிக்கல்' என்பார்கள். உண்மையில் அதில் நிக்கல் உலோகம் நாலில் ஒரு பங்குதான், மீதி செம்பு. 1950-இல் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு வீதம் பார்த்தால், அது நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலணா.

மாணவனாக இருந்த காலத்தில் அமெரிக்காவின் பழைய விலைப் பட்டியல்களைப் படித்து மலைத்தவன் நான். கோக் ஐந்து சென்ட், கடிதத் தலை மூன்று சென்ட், ஹாம்பர்கர் பதினைந்து சென்ட்! இப்படியும் ஒரு காலம் இருந்ததா என்று தோன்றும். பிறகுதான் அந்தப் பட்டியல்கள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று புரிந்தது. பொருளுக்கு என்ன விலை என்று அவை சொல்கின்றன. விலையைக் கொடுத்தவருக்கு உட்கார நாற்காலி கிடைத்ததா என்று சொல்வதில்லை. இன்று நான் முன்வைக்கும் கருத்து இதுதான்: மாறாத சிறு விலை அமெரிக்க மக்களுக்கு ஒரு வாக்குறுதியாக இருந்தது. காசைப் போடு, யாராக இருந்தாலும் பொருள் வரும் என்ற வாக்குறுதி. அந்த நாட்டின் வெகுமக்கள் பண்பாடு அதன் மேல் எழுந்தது. அந்த வாக்குறுதியை அப்படியே சொல்லுக்குச் சொல் நம்பி, நிறைவேற்று என்று கேட்டவர்கள் கறுப்பின மக்கள்.

1. நிக்கல் சென்ற இடங்கள்

நியூயார்க் சுரங்க ரயில் 1904-இல் ஓடத் தொடங்கியபோது கட்டணம் ஐந்து சென்ட். இரண்டு உலகப் போர்களைத் தாண்டி 1948 வரை அதே கட்டணம்தான். பொதுத் தொலைபேசியில் ஒரு நிக்கலைப் போட்டால் உள்ளே ஒரு மணி ஒலிக்கும். பத்து சென்ட் நாணயத்துக்கு இரண்டு மணி. கால் டாலருக்குக் கனத்த காண்டாமணி ஓசை. மறுமுனையில் இருக்கும் ஆபரேட்டர் காதாலேயே காசை எண்ணிக்கொள்வார். ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டு ஒரு நிக்கல். ஹெர்ஷி சாக்லேட் ஒரு நிக்கல். நூற்றாண்டின் தொடக்கத்தில் சினிமாக் கொட்டகைகளுக்கு 'நிக்கலோடியன்' என்ற பெயர் வந்ததும் நுழைவுக் கட்டணத்தால்தான்.

இவற்றில் என் மனத்தில் அதிகம் நிற்பது 'ஆட்டோமாட்' என்ற உணவகம். ஹார்ன், ஹார்டார்ட் என்ற இருவர் 1902-இல் ஃபிலடெல்ஃபியாவிலும் 1912-இல் நியூயார்க்கிலும் தொடங்கியது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தட்டு: பழப் பை, அவித்த பீன்ஸ், சீஸ் போட்ட மக்ரோனி. காசைத் துளையில் போட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். டால்ஃபின் தலை வடிவக் குழாயிலிருந்து காபி விழும். கோப்பை ஐந்து சென்ட். வாசலருகே சலவைக்கல் மேடைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பெண்கள் டாலரை வாங்கி, எண்ணிப் பார்க்காமலே இருபது நிக்கல்களைச் சரியாக வீசுவார்கள். பரிமாறுபவர் இல்லை, அதனால் டிப்ஸ் இல்லை. யார் பக்கத்தில் யார் என்ற ஒழுங்கும் இல்லை. பெருமந்தக் காலத்தில் வேலையிழந்தவர்கள் இலவச வெந்நீரில் மேசைமேல் இருந்த தக்காளி கெட்சப்பைக் கரைத்துச் சூப்பாகக் குடித்ததும் அங்கேதான். அதே மேசையின் மறுமுனையில் ஒரு வங்கி அதிகாரி பை தின்றுகொண்டிருந்திருக்கலாம். காசு போடும் துளை ஆளைப் பார்ப்பதில்லை.

இந்த ஐந்து சென்ட் எவ்வளவு உழைப்பு என்பதையும் பார்க்க வேண்டும். 1950 ஜனவரியில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட் ஆனது. நான்கு நிமிட வேலை, ஒரு நிக்கல். ஆனால் 1938-இல் வந்த அந்தக் கூலிச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே நிறுத்தியிருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பிழைத்தது இந்த இரண்டு வேலைகளில்தான். அவர்களுக்கு ஒரு நிக்கல் எத்தனை நிமிடம் என்று சொல்லச் சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை. விலை எல்லோருக்கும் ஒன்றுதான், கூலி அப்படி இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்கிறேன்.

2. விலையைப் பிடித்து நிறுத்தியது எது?

கோகோ கோலா 1886-இல் அட்லாண்டாவில் ஒரு மருந்துக் கடையில் விற்பனைக்கு வந்தது. ஒரு கிளாஸ் ஐந்து சென்ட். 1950-களின் நடுவிலும் பல ஊர்களில் ஆறரை அவுன்ஸ் பாட்டில் ஐந்து சென்ட்தான். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். சர்க்கரை விலை ஏறி இறங்கியது, கூலி பல மடங்கு கூடியது, இந்த விலை மட்டும் அசையவில்லை. நிறுவனத்தின் தாராள மனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணங்களை ஆவணங்களிலேயே பார்க்கலாம்.

முதல் காரணம் ஓர் ஒப்பந்தம். 1899-இல் சாட்டனூகாவைச் சேர்ந்த தாமஸ், வைட்ஹெட் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் நிறுவனத் தலைவர் ஏசா கேண்ட்லரிடம் வந்து, பானத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டார்கள். பாட்டில் வியாபாரம் பெரிதாக வளரும் என்று கேண்ட்லர் நினைக்கவில்லை. ஒரு டாலருக்கு உரிமையைக் கொடுத்தார். பானத்துக்கான பாகை நிலையான விலைக்குத் தருவதாகக் கையெழுத்திட்டார். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியும் வைக்கவில்லை. பாட்டில் வியாபாரம் பெருகியபோது நிறுவனத்தின் நிலை புரிகிறதா? பாகின் விலையை ஏற்ற முடியாது. பாட்டில்காரர்கள் சில்லறை விலையை ஏற்றினால் கூடுதல் லாபம் அவர்களுக்கு, விற்பனை குறைவதன் நட்டம் நிறுவனத்துக்கு. எனவே நிறுவனம் ஒன்று செய்தது. சுவரிலும், நாட்காட்டியிலும், கடைப் பலகையிலும் 'ஐந்து சென்ட்' என்று பெரிதாக எழுதியது. நாடே படித்துவிட்ட விலையைக் கடைக்காரர் எப்படி மாற்றுவார்?

1921-இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டு, பாகின் விலை சர்க்கரை விலையோடு சேர்ந்து நகரத் தொடங்கியது. ஆனாலும் ஐந்து சென்ட் நகரவில்லை. அதற்குள் இரண்டாவது காரணம் வந்துவிட்டது: காசு போடும் இயந்திரம். நாடெங்கும் நிறுத்தப்பட்ட அந்த இயந்திரங்கள் ஒரே நாணயத்தைத்தான் ஏற்றன, அது நிக்கல். ஆறு சென்ட்டுக்கு நாணயம் கிடையாது. அடுத்து இருப்பது பத்து சென்ட். அதாவது விலை ஒன்று அப்படியே இருக்க வேண்டும், இல்லையேல் ஒரே நாளில் இரட்டிப்பாக வேண்டும். 1953-இல் கோகோ கோலாவின் ராபர்ட் உட்ரஃப் தம் நண்பரான அதிபர் ஐசன்ஹோவருக்கு எழுதினார்: ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அச்சிட முடியுமா? கருவூலம் அதை ஏற்கவில்லை.

நியூயார்க் சுரங்க ரயிலுக்கும் இதே சிக்கல். 1948-இல் கட்டணம் பத்து சென்ட்டானது. அதற்கு ஒரு நாணயம் இருந்தது. 1953-இல் பதினைந்து சென்ட் ஆக்க வேண்டிவந்தபோது பொருத்தமான ஒற்றை நாணயம் இல்லை. போக்குவரத்து ஆணையம் தானே ஒரு வில்லையை அச்சிட்டு, அந்த ஆண்டு ஜூலை 25 முதல் வழங்கியது. அரசாங்கத்திடம் நாணயம் கேட்டுத் தோற்றது ஒரு நிறுவனம்; அதே ஆண்டில் ஒரு நகரம் தன் தேவைக்குத் தானே வில்லை அடித்துக்கொண்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், இயந்திரத்தின் துளை விலைக்கு எவ்வளவு பெரிய கடிவாளமாக இருந்தது என்பது விளங்குகிறது.

இன்னொரு சான்றும் உண்டு. போருக்கு நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் 1942 முதல் 1945 வரை ஐந்து சென்ட் நாணயத்தில் நிக்கலே சேர்க்கவில்லை. செம்பும் வெள்ளியும் மாங்கனீசும் கலந்து செய்தார்கள். கலவையைத் தேர்ந்தபோது பார்த்த முக்கியமான பொருத்தங்களில் ஒன்று, நாட்டில் இருக்கும் இயந்திரங்கள் அதை உண்மையான நாணயம் என்று ஏற்க வேண்டும் என்பது. உலகப் போரின் நடுவிலும் ஓர் அரசு காசுத் துளையை மனத்தில் வைத்து உலோகம் உருக்கியது.

3. சுருங்கிய பொருள்

விலையை ஏற்ற முடியாதபோது பொருளைக் குறைக்கலாம். ஹெர்ஷி சாக்லேட்டின் விலை 1969 வரை ஐந்து சென்ட். எடை மட்டும் பலமுறை மாறியது. பத்து சென்ட் காமிக்ஸ் புத்தகத்தின் 64 பக்கங்கள் 1950-களில் 32 ஆகத் தேய்ந்தன. குழந்தையின் கையில் இருந்த காசு அதே காசு, கதை மட்டும் பாதி.

4. காசு வாக்கானது

ஜூக்பாக்ஸ் வெறும் பாட்டுப் பெட்டி அல்ல என்பது என் எண்ணம். எந்தப் பாட்டுக்கு எத்தனை முறை காசு விழுந்தது என்பது தெரியும். 'பில்போர்டு' இதழ் 1944 முதல் 1957 வரை ஜூக்பாக்ஸில் அதிகம் ஒலித்த பாட்டுகளுக்குத் தனிப் பட்டியலே வெளியிட்டது. வாக்குரிமை இல்லாத பதினாறு வயதுப் பையனும் பெண்ணும் ஒரு நிக்கலைப் போட்டு, நாட்டின் ரசனை எது என்று சொல்ல முடிந்தது. தென் மாநிலங்களில் வாக்குச்சாவடியிலிருந்து விரட்டப்பட்ட கறுப்பினத்தவரின் காசையும் அந்தப் பெட்டி ஒன்றாகவே எண்ணியது.

ஆனால் பட்டியல் போட்டவர்கள் ஒன்றாக எண்ணவில்லை. கறுப்பின இசைக்குத் தனிப் பட்டியல் வைத்து, பல ஆண்டுகள் அதற்கு 'இனப் பாடல்கள்' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1949-இல்தான் அது 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது. வெள்ளை இளைஞர்கள் அந்தப் பட்டியலின் பாட்டுகளுக்குக் காசு போடத் தொடங்கியபோது பழைய எல்லை கலங்கியது. ராக் அண்ட் ரோல் அந்தக் கலக்கத்தில் எழுந்தது. 1955 நவம்பரில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் எல்விஸ் பிரெஸ்லியின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. கறுப்பினப் பாடகர்கள் வளர்த்த ஓசைக்கு வெள்ளை முகம் ஒன்று கிடைத்தபோது சந்தை கொடுத்த விலை அது. அந்த ஓசையைப் படைத்தவர்களில் பலருக்கு அந்தக் கணக்கில் பங்கு இல்லை என்பதை எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்ல வேண்டும்.

5. நிக்கல் போய்த் தவணை வந்தது

போர்க்கால விலைக் கட்டுப்பாடு தளர்ந்த 1946-இல் மட்டும் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ 18 விழுக்காடு ஏறின. அதன்பின் நிக்கலின் கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. சுரங்க ரயில் 1948. ஆட்டோமாட் காபி 1950 நவம்பரில் பத்து சென்ட்; பழகிய வாடிக்கையாளர்கள் பலர் அன்றோடு நின்றுவிட்டார்கள். தொலைபேசி 1950-களின் தொடக்கத்தில். கோக் 1959-க்குள்.

கூடவே வாழ்க்கை தெருவிலிருந்து வீட்டுக்குள் போனது. 1950-இல் பத்து வீட்டில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சி இல்லை. 1960-இல் பத்தில் ஒன்பது வீடுகளில் இருந்தது. 1953 ஜனவரி 19 இரவு, 'ஐ லவ் லூசி' தொடரில் குழந்தை பிறக்கும் நிகழ்ச்சியை 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பார்ப்பதற்குக் காசு போட வேண்டியதில்லை. விளம்பரம் செய்த சிகரெட் கம்பெனி அதைக் கொடுத்தது. ஆனால் பெட்டியை வாங்க வேண்டும், அதை வைக்க வீடு வேண்டும்.

வீட்டின் கதை லெவிட்டவுன். நியூயார்க் அருகே லாங் தீவின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் எழுந்த 17,447 வீடுகள். 1949-இல் ஒரு வீடு 7,990 டாலர். போரிலிருந்து திரும்பிய படைவீரருக்கு அரசு உத்தரவாதக் கடன் உண்டு, முன்பணம் வேண்டாம். கூலித் தொழிலாளி வீட்டுக்காரராக முடிந்தது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருந்தது. வெள்ளையர் அல்லாத எவரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வேலையாளாக இருந்தாலொழிய. அதே போரில் அதே சீருடையில் போரிட்ட கறுப்பினப் படைவீரரும் அதற்கு விதிவிலக்கல்ல. அந்தப் பிரிவு நீக்கப்பட்ட பிறகும் விற்பவர்கள் வழக்கத்தை விடவில்லை. 1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியின் மாதிரிச் சமையலறை முன், சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன், எங்கள் எஃகுத் தொழிலாளி எவரும் 14,000 டாலர் வீட்டை மாதம் நூறு டாலர் கட்டி வாங்கலாம் என்று பெருமையாகச் சொன்னார். 'எவரும்' என்ற அந்தச் சொல்லில் எத்தனை பேர் அடங்கவில்லை என்பது அந்தச் சமையலறை விவாதத்தில் பேசப்படவே இல்லை.

நிக்கலுக்கும் தவணைக்கும் உள்ள வேறுபாடு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. காசுத் துளை பெயர் கேட்காது. கடன் பத்திரம் பெயர், முகவரி, நிறம் எல்லாம் கேட்கும்.

6. காசு வாங்கிய கையும் நாற்காலி மறுத்த கையும்

1955-இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் பேருந்துக் கட்டணம் பத்து சென்ட். கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறி, ஓட்டுநரிடம் காசைச் செலுத்தி, கீழே இறங்கி, வெளியே நடந்து, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும் என்பது பல ஓட்டுநர்கள் நடத்திவந்த வழக்கம். காசு வாங்கிக்கொண்டு, பின்வாசலை அடையும் முன்பே வண்டியை எடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கறுப்பின மக்கள் டிசம்பர் 5 அன்று தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. கறுப்பின டாக்ஸி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான பத்து சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். உடனே நகர நிர்வாகம் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, டாக்ஸியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைத் தூசி தட்டி எடுத்தது. மலிவு விலையை எதிர்த்து ஓர் அரசு சண்டையிட்ட நாள் அது. மக்கள் நடந்தார்கள்.

இப்போது வுல்வொர்த் கடைக்கு வருகிறேன். இந்தச் சொற்பொழிவு தொடக்கத்திலிருந்து இங்கே வருவதற்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஃபிராங்க் வுல்வொர்த் 1879-இல் ஐந்து சென்ட் கடையாகத் தொடங்கியது அது. எல்லாப் பொருளும் ஐந்து சென்ட். பின்னர் ஐந்தும் பத்தும். பேரம் இல்லை. விலையைப் பலகையில் எழுதி, பொருளைக் கண்ணெதிரே பரப்பி, யார் வந்தாலும் அதே விலைக்குக் கொடுத்தது. 1930-களில் அந்த விலை வரம்பு கைவிடப்பட்டாலும் 'ஃபைவ் அண்ட் டென்' என்ற பெயர் மக்கள் வாயில் நிலைத்தது. நிக்கலின் வாக்குறுதிக்கு ஒரு கட்டடம் உண்டென்றால் அது வுல்வொர்த் கடைதான்.

1960 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் முதலாண்டு மாணவர்கள் நால்வர் அந்தக் கடைக்குள் போனார்கள்: எஸல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல். முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கினார்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு உணவுக் கவுண்டரின் ஸ்டூல்களில் அமர்ந்து காபி கேட்டார்கள். இங்கே உங்களுக்குப் பரிமாற மாட்டோம் என்றது பதில். அவர்கள் ரசீதைக் காட்டினார்கள். இரண்டடி தள்ளி இருக்கும் கவுண்டரில் எங்கள் காசை வாங்கிக்கொண்டீர்களே, இந்தக் கவுண்டரில் மட்டும் அது செல்லாதா?

அந்தக் கேள்வியின் கூர்மையைக் கவனியுங்கள். வேறொரு சமூகத்தைக் கற்பனை செய்து காட்டும்படி அவர்கள் கேட்கவில்லை. கடையே எழுதிவைத்த விதியை எடுத்துக் கடைக்காரர் முன்னே வைத்தார்கள். எண்பது ஆண்டுகளாக நீங்கள் பலகையில் எழுதிவந்ததைத்தான் கேட்கிறோம். அதற்குச் சான்று, நீங்களே அடித்துக் கொடுத்த இந்தத் துண்டுச் சீட்டு.

மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சனிக்கிழமைக்குள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். சில வாரங்களில் தென் மாநிலங்களின் பல நகரங்களில் மாணவர்கள் இதேபோல உணவுக் கவுண்டர்களில் அமர்ந்தார்கள். பாடப் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே, தலையில் ஊற்றப்பட்ட கெட்சப்பையும் சர்க்கரையையும் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கவுண்டரின் ஒரு துண்டும் நான்கு ஸ்டூல்களும் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உயரமான மேடையோ பெரிய சிலையோ அல்ல. நம் ஊர் பஸ் நிலையத்து ஓட்டலில் இருப்பதுபோன்ற சாதாரண ஸ்டூல்கள்தான்.

காசை வாங்கிக்கொண்டு நாற்காலியை மறுத்த அந்த முரண் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அன்றைய நிக்கல் நாணயத்தின் முகப்பில் இருப்பவர் தாமஸ் ஜெஃபர்சன், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற பிரகடனத்தை எழுதியவர். பின்புறத்தில் மான்டிசெல்லோ, அவருடைய மாளிகை. அடிமைகளாக வைக்கப்பட்ட மக்களின் உழைப்பில் நின்ற வீடு. 1938 முதல் அமெரிக்கர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இந்த இரண்டு பக்கங்களும் சேர்ந்தே கிடந்தன.

கடைசியில், கிரீன்ஸ்பரோ வுல்வொர்த் 1960 ஜூலை 25 அன்று தன் விதியை மாற்றியது. அந்தக் கவுண்டரில் முதன்முதலாக அமர்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர், கடையிலேயே வேலை பார்த்தவர்கள். நிர்வாகம் சொன்னபடி நல்ல உடை உடுத்திவந்து, வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அவர்களில் சமையல், பரிமாறல் வேலை பார்த்த பெண்களும் இருந்தார்கள். அதுவரை அவர்கள் அந்தக் கவுண்டருக்கு மறுபுறம் நின்று, தாங்கள் உட்கார முடியாத ஸ்டூல்களில் இருந்தவர்களுக்கு உணவு ஆக்கிக் கொடுத்துவந்தவர்கள். அன்று அவர்கள் வேண்டியதைச் சொன்னார்கள், சாப்பிட்டார்கள், விலையைக் கொடுத்தார்கள்.